விடியுமுன் ஏன் வெட்டினோம்?
பால்மரமும் சவ்வூடு பரவலும்: ஒரு வரலாற்றுக் கட்டுரை



பரிசளிப்பு விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதவேண்டும் என்றதும், அரசர்களைப் பற்றியும் போர்களைப் பற்றியும் எழுதுவார்கள் என்றே பலரும் எதிர்பார்ப்பார்கள். அவையும் வரலாறுதான். ஆனால் நம்முடைய பாட்டனும் பாட்டியும் வாழ்ந்த வரலாறு வாளால் எழுதப்பட்டதன்று. பால் வெட்டும் கத்தியால் மரப்பட்டையில் எழுதப்பட்டது அது. அந்த வரலாற்றில் எல்லாருக்கும் தெரிந்த, ஆனால் யாரும் காரணம் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. அதைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

பேராக் மாநிலத்துத் தோட்டங்களில் நம் மக்கள் ஏன் கோழி கூவுமுன் எழுந்தார்கள்? காலை நான்கு மணிக்கு அடுப்பு மூட்டி, ஐந்து மணிக்குப் பெரட்டில் நின்று, பொழுது புலருமுன் நிரைக்குள் ஏன் நுழைந்தார்கள்? துரைமார்கள் கண்டிப்பானவர்கள், அதனால்தான் என்று சிலர் சொல்வார்கள். கங்காணியின் அதட்டல் என்பார்கள் வேறு சிலர். வெயிலுக்கு முன்னே வேலையை முடிக்கத்தான் என்பவர்களும் உண்டு. இவை எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆயினும் உண்மையான முதலாளி துரையுமல்லர், கங்காணியுமல்லர். மரத்துக்குள் இருந்த ஓர் இயற்கை விதிதான் நம்மை எழுப்பியது. அதன் பெயர் சவ்வூடு பரவல்.

சவ்வூடு பரவல் என்றால் என்ன?

பெயரைக் கேட்டு மலைக்கவேண்டாம். நம் வீட்டு அடுப்படியில் தினமும் நடப்பதுதான். மாங்காயைக் கீற்றுப் போட்டு உப்புத் தூவி வைக்கிறோம். ஒரு சொட்டுத் தண்ணீரும் நாம் ஊற்றவில்லை. மறுநாள் பார்த்தால் ஜாடியில் நீர் நிற்கிறது, மாங்காய் சுருங்கிக் கிடக்கிறது. அந்த நீர் எங்கிருந்து வந்தது? மாங்காயின் உள்ளிருந்துதான் வந்தது. இதற்கு நேர்மாறாக, பாயாசத்துக்காக உலர்ந்த திராட்சையைத் தண்ணீரில் போட்டால், சிறிது நேரத்தில் அது உப்பிக்கொள்கிறது. இங்கே நீர் உள்ளே போகிறது.

உயிருள்ள ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரியாத சிறு சிறு அறைகளால் ஆனது. அவற்றை உயிரணுக்கள் என்கிறோம். ஒவ்வோர் அறையையும் ஒரு மெல்லிய சவ்வு மூடியிருக்கிறது. அந்தச் சவ்வு தண்ணீரை எளிதில் விடும். உப்பு, சர்க்கரை போன்ற கரைந்த பொருள்களை அவ்வளவு எளிதில் விடாது. சவ்வின் ஒரு பக்கம் உப்போ சர்க்கரையோ அதிகமாகவும், மறுபக்கம் குறைவாகவும் இருந்தால், தண்ணீர் குறைந்த பக்கத்திலிருந்து அதிகமான பக்கத்துக்குப் போகும். இதுவே சவ்வூடு பரவல். 'உப்புத் தின்றவன் தண்ணீர் குடிக்கவேண்டும்' என்று நம் பெரியவர்கள் நியாயத்துக்காகச் சொன்ன பழமொழி, உயிரணுவுக்கும் அப்படியே பொருந்துகிறது. உப்பு எங்கே மிகுதியோ, தண்ணீரும் அங்கே போய்ச் சேரும்.

மிருகங்களின் உயிரணுவுக்குச் சவ்வு மட்டுமே உண்டு. மரஞ்செடிகளின் உயிரணுவுக்குச் சவ்வுக்கு வெளியே ஓர் உறுதியான சுவரும் உண்டு. ஆகையால் தண்ணீர் உள்ளே புகப் புக, காற்றடித்த சைக்கிள் டியூப் டயருக்குள் விறைப்பதுபோல அந்த அறை விறைத்து நிற்கும். இந்த விறைப்புத்தான் கீரைத் தண்டை நிமிர்த்தி வைக்கிறது. தண்ணீர் குறைந்தால் தண்டு துவண்டு விழுகிறது. சந்தையிலிருந்து வாங்கி வந்த வாடிய கீரையின் மேல் அம்மா தண்ணீர் தெளித்து வைப்பது இதற்காகத்தான்.

கண்டறிந்த கதை

இவ்விதியை முதன்முதலில் கவனித்து எழுதியவர் பிரான்சு நாட்டு நொலே என்னும் பாதிரியார். ஆண்டு 1748. ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் சாராயத்தை நிரப்பி, அதன் வாயைப் பன்றியின் சிறுநீர்ப்பைத் தோலால் இறுகக் கட்டி, தண்ணீரில் அமிழ்த்தி வைத்தார். சில மணி நேரத்தில் தோல் பந்துபோல் உப்பியது. ஊசியால் குத்தியதும் உள்ளிருந்த திரவம் பீறிட்டு வந்தது. தோட்டத்துப் பிள்ளைகளே, இந்தக் காட்சியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே அழுத்தம், வெளியே ஒரு சிறு குத்து, உடனே பீறிடும் திரவம். பின்னால் இது நமக்குத் தேவைப்படும்.

பின்னர் 1820களில் துத்ரோஷே என்ற மற்றொரு பிரெஞ்சுக்காரர், இது உயிருள்ளவை அனைத்திலும் நடக்கும் செயல் என்று எடுத்துக்காட்டினார். 1877ஆம் ஆண்டு ஜெர்மானியத் தாவர அறிஞர் பெஃபர், நுண்துளைகள் உள்ள மண்கலத்தின் சுவரில் செயற்கைச் சவ்வு ஒன்றை உண்டாக்கி, சர்க்கரைக் கரைசல் எவ்வளவு அழுத்தத்தை உண்டாக்குகிறது என்பதை அளந்து நூலாக வெளியிட்டார். அவர் அளவுகளை வைத்துக் கணக்கு வகுத்தவர் ஒல்லாந்து நாட்டு வாண்ட் ஹாஃப். வேதியியலுக்கு முதல் நோபெல் பரிசு 1901இல் வழங்கப்பட்டபோது, அதைப் பெற்றவர் அவரே.

1877 என்ற ஆண்டைக் கோடிட்டு வையுங்கள். அதே ஆண்டில்தான் நம் பேராக் மண்ணின் கதையும் தொடங்குகிறது.

கோலாகங்சாருக்கு வந்த ஒன்பது நாற்றுகள்

பால்மரம் நம் நாட்டு மரமன்று. அதன் தாயகம் தென்னமெரிக்காவின் பிரேசில் காடு. 1876ஆம் ஆண்டு ஹென்றி விக்காம் என்னும் ஆங்கிலேயர் அங்கிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டன் அருகிலுள்ள கியூ தாவரத் தோட்டத்துக்குக் கொண்டுசென்றார். அவற்றில் சிறு பங்கே முளைத்தது. முளைத்தவற்றில் பெரும்பகுதி இலங்கைக்குப் போயிற்று. 1877இல் 22 நாற்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றில் ஒன்பது, பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாயிருந்த ஹியூ லோவின் பொறுப்பில் கோலாகங்சாரில் நடப்பட்டன.

ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட் வழியாகப் போனால் ஒரு மணி நேரத்துக்குள் அந்த ஊரை அடைந்துவிடலாம். அந்தத் தொடக்கக் காலத்து மரம் என்று போற்றப்படும் முதிய பால்மரம் ஒன்று மாவட்ட அலுவலகத்தின் அருகே வேலி கட்டிக் காக்கப்பட்டு வருகிறது. பெற்றோர்கள் பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துப்போய்க் காட்டவேண்டும். நம் குடும்பங்கள் கடல் கடந்து இங்கே வந்ததற்குக் காரணமான மரம் அல்லவா அது?

தொடக்கத்தில் யாரும் இந்த மரத்தை மதிக்கவில்லை. தோட்டக்காரர்கள் காப்பியையே நம்பினார்கள். 1888இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்துக்குத் தலைவராக வந்த ரிட்லி என்பவர்தான், மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்கும் முறையை வகுத்தவர். பிரேசிலில் கோடாரியால் கொத்திக் காயப்படுத்துவார்கள். ரிட்லியோ பட்டையில் சரிவாக ஒரு கோடு கீறி, அடுத்தடுத்த நாளில் அதே கோட்டின் ஓரத்தை மட்டும் மெல்லச் சீவி எடுத்தால், பால் மீண்டும் மீண்டும் வரும், பட்டையும் வளர்ந்து மூடும் என்று காட்டினார். இன்றுவரை நம் மக்கள் கையாள்வது அந்த முறையின் வழிவந்ததே.

மலாயாவின் முதல் வாணிக ரப்பர்த் தோட்டம் 1896இல் மலாக்காவில் தான் சாய் யான் என்பவரால் உண்டாக்கப்பட்டது. பத்தே ஆண்டுகளில் மோட்டார் வண்டியின் டயருக்காக உலகமே ரப்பரைத் தேடிற்று. விலை ஏறியது, காடு அழிந்தது, தீம்பார் பெருகியது. ஆட்கள் வேண்டுமே? நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கினார்கள் நம் முன்னோர்கள். தொழிலாளரைக் கொண்டுவரும் செலவுக்கென்று 1907இல் இந்தியர் குடியேற்றக் குழு அமைக்கப்பட்டது. அப்படி ஆள் திரட்டுவதை 1938இல் இந்திய அரசு தடை செய்யும்வரை கப்பல்கள் வந்துகொண்டே இருந்தன.

பட்டைக்குள் என்ன நடக்கிறது?

இனி நம் கேள்விக்கு வருவோம்.

பால்மரத்தின் பால், மரத்தின் சாறு அன்று. வேரிலிருந்து இலைக்குத் தண்ணீர் போகும் பாதை கட்டையின் உள்ளே இருக்கிறது. பால் இருப்பதோ பட்டையில். பட்டைக்குள் மயிரைவிட மெல்லிய பால்குழாய்கள் வலைபோலப் பின்னிக்கிடக்கின்றன. அவை செங்குத்தாக நிற்காமல் ஒரு பக்கமாகச் சற்றே சாய்ந்து மேலேறுகின்றன. ஆகவேதான் இடப்பக்கம் உயர்ந்தும் வலப்பக்கம் தாழ்ந்தும் கோடு போடுகிறோம். அப்படி வெட்டினால் அதிகமான குழாய்கள் அறுபடும்.

அந்தக் குழாய்களும் உயிரணுக்களே. அவற்றில் இருக்கும் பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ரப்பர். மீதியில் பெரும்பகுதி தண்ணீர். அந்தத் தண்ணீரில் சர்க்கரை வகைகளும் உப்புகளும் கரைந்திருக்கின்றன. மிதக்கும் ரப்பர்த் துகள்கள் தண்ணீரை இழுப்பதில்லை. கரைந்திருக்கும் இந்தச் சர்க்கரையும் உப்புமே பக்கத்து உயிரணுக்களிலிருந்து தண்ணீரை உள்ளே இழுக்கின்றன. குழாய் விறைக்கிறது.

எப்போது நன்றாக விறைக்கும்? இரவில். பகலெல்லாம் இலைகள் வெயிலில் நீராவியை விட்டுக்கொண்டே இருக்கின்றன. வேர் உறிஞ்சுவது இலையின் தாகத்துக்கே போதாமல், பட்டையிலிருந்தும் தண்ணீர் இழுக்கப்படுகிறது. பால்குழாயின் விறைப்புத் தளர்கிறது. நண்பகலைத் தாண்டிய வேளையில் அது மிகவும் தளர்ந்துவிடும். பொழுது சாய்ந்தபின் இலையின் வாய்கள் மூடுகின்றன. வேர் மட்டும் ஓயாமல் உறிஞ்சுகிறது. இரவு முழுவதும் சவ்வூடு பரவலால் தண்ணீர் பால்குழாய்க்குள் ஏறி, விடியற்காலையில் விறைப்பு உச்சத்தை அடைகிறது.

அந்த விறைப்பு எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? அதை நம் நாட்டிலேயே அளந்தார்கள். மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் 1925இல் தொடங்கப்பட்டது. அதைச் சேர்ந்த பட்டெரி, போட்மன் என்ற இருவர் செய்த சோதனையின் முடிவு 1964இல் வெளியாயிற்று. கருவி மிக எளியது. ஒரு முனை மூடிய மெல்லிய கண்ணாடிக் குழலின் மறுமுனையைப் பட்டைக்குள் செலுத்துவார்கள். பால் குழலுக்குள் ஏறி, உள்ளிருக்கும் காற்றை நெருக்கும். காற்று எவ்வளவு சுருங்கிற்றோ, அதைக்கொண்டு அழுத்தத்தைக் கணக்கிடலாம். விடியற்காலையில் காற்றழுத்தத்தைப்போல் பத்து மடங்கும் அதற்கு மேலும் இருந்தது! கார் டயரில் நாம் அடிக்கும் காற்று இரண்டு மடங்கு அளவுதான். அமைதியாக நிற்கும் அந்த மரத்தின் பட்டைக்குள் டயரைப்போல் ஐந்து மடங்கு அழுத்தம்.

இப்போது நொலே பாதிரியாரின் ஊசியை நினைத்துக்கொள்ளுங்கள். விடியுமுன் கத்தி பட்டதும் பால் குபுகுபு என்று கோட்டில் ஓடுவது ஏன் என்று விளங்குகிறதல்லவா? வெயில் ஏறிய பின் வெட்டினால் அழுத்தம் குறைவு, பாலும் குறைவு. பால் குறைந்தால் கூலியும் குறைவு. "விடிஞ்சு வெட்டினா மங்கு நெறையாது" என்று நம் பெண்கள் சொல்லி வந்தது வெறும் பேச்சன்று. ஆய்வுக்கூடம் அளந்து சொல்லுமுன்பே, வாளியின் கனத்தைக்கொண்டு தோள் அளந்து சொன்ன உண்மை அது.

மழை நாளில் பால் வெட்டாததற்குக் காரணம் வேறு. மழையில் மரத்துக்குள் தண்ணீருக்குக் குறைவில்லை. பட்டை நனைந்திருப்பதால் பால் கோட்டில் நில்லாமல் மரமெல்லாம் வழிந்து வீணாகிவிடும். மங்கில் மழைநீரும் சேரும். அதனால்தான் வேலை நிறுத்தம். வேலை இல்லையென்றால் அன்றைக்குச் சம்பளம் இல்லை என்ற நிலையும் நம் மக்கள் பட்டதுதான்.

தண்ணிப் பால் என்ற பழி

கோடு வெட்டியபின் முதலில் வரும் பால் கெட்டியாக இருக்கும். போகப் போக நீர்க்கும். பால் வெட்டிய எவரும் இதை அறிவர். ஏன் நீர்க்கிறது?

வெட்டியதும் அழுத்தம் சட்டென்று இறங்குகிறது. குழாய்க்குள் உப்பும் சர்க்கரையும் அப்படியே இருக்கின்றன. எதிர்த்து நெருக்கும் விறைப்பு மட்டும் போய்விட்டது. ஆகவே பக்கத்து உயிரணுக்களிலிருந்து தண்ணீர் வேகமாக உள்ளே பாய்கிறது. பால் நீர்த்துப் போகிறது. அதே சமயம் ஓட்டமும் தொடர்கிறது. சுமத்திராவின் ரப்பர்த் தோட்டங்களில் பணியாற்றிய பிரே-வைஸ்லிங் என்னும் சுவிஸ் நாட்டு அறிஞர் 1932இல் இதை விரிவாக ஆராய்ந்து எழுதினார். அதாவது, மரம் தானே தன் பாலில் தண்ணீர் சேர்த்துக்கொள்கிறது.

இதை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? காரணம் உண்டு. தோட்டத்துப் பால் ஸ்டோரில் பாலை அளந்து, மெட்ரோலாக் என்னும் கருவியை மிதக்கவிட்டு, அதில் எவ்வளவு ரப்பர் என்று பார்ப்பார்கள். கூலி அந்தக் கணக்கைப் பொறுத்தது. பால் நீர்த்திருந்தால், "தண்ணி கலந்துட்டியா?" என்ற கேள்வி எழும். என் தாயார் பால் வெட்டியவர். ஒரு மழைக்காலத்தில், எல்லார் முன்னிலையிலும் அந்தக் கேள்வி அவரை நோக்கி வீசப்பட்டது. அவர் பதில் சொல்லவில்லை. வாளியைக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்கு வந்தார். தோட்டத்தின் பெயரும் கேட்டவர் பெயரும் இங்கே வேண்டாம். அந்தக் கேள்வி எத்தனையோ தோட்டங்களில் எத்தனையோ தாய்மார்களிடம் கேட்கப்பட்டதுதான்.

தண்ணீர் கலந்தவர்கள் ஒருவருமே இல்லை என்று நான் சாதிக்க வரவில்லை. ஆனால் பால் நீர்த்திருப்பது ஒன்றே திருட்டுக்குச் சாட்சி ஆகாது. மரத்துக்கு மரம் பாலின் திடம் மாறும். பருவத்துக்குப் பருவம் மாறும். அடிக்கடி வெட்டினால் நீர்க்கும். மருந்து பூசிப் பாலை அதிகமாக இழுத்தாலும் நீர்க்கும். இவ்வளவையும் அறிந்தவர் அன்று நம் பக்கத்தில் ஒருவர் இருந்திருந்தால், அந்தத் தாய்மார்கள் தலைகுனிந்து நிற்க நேர்ந்திராது. பிள்ளைகளை நாம் ஏன் அறிவியல் படிக்கச் சொல்கிறோம் என்பதற்கு, பரிசும் சான்றிதழும் மட்டும் காரணமல்ல. வீண்பழி வரும்போது "இதோ காரணம்" என்று எடுத்துச் சொல்ல ஒரு வாய் வேண்டும். அந்த வாய் பள்ளிக்கூடத்தில் உண்டாகிறது.

பால் நிற்பது எப்படி?

ஓடும் பால் இரண்டு மூன்று மணி நேரத்தில் நின்றுவிடுகிறது. உள்ளே பால் தீர்ந்துவிட்டதா? இல்லை. பாலுக்குள் ரப்பர்த் துகள்களோடு, லூட்டாய்டு எனப்படும் மிகச் சிறிய பைகளும் மிதக்கின்றன. அவற்றுக்கும் சவ்வு உண்டு. பால் நீர்க்கும்போது, அதே சவ்வூடு பரவலால் அப்பைகளுக்குள் தண்ணீர் புகுந்து அவை உடைவதுண்டு. வெட்டுவாயில் பால் நெருங்கி ஓடும் உராய்வினாலும் உடையும். உடைந்த பையிலிருந்து வெளிவரும் பொருள்கள் ரப்பர்த் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கின்றன. குழாயின் வாய் அடைபடுகிறது. நம் கையில் ஒரு கீறல் பட்டால் இரத்தம் உறைந்து தானே நிற்பதுபோல, மரமும் தன் காயத்தைத் தானே அடைத்துக்கொள்கிறது. மறுநாள் நாம் உரித்தெடுக்கும் ஒட்டுப்பால், மரம் தனக்குத் தானே போட்டுக்கொண்ட கட்டு. பாலை ஓடவைப்பதில் பங்குகொண்ட சவ்வூடு பரவல், நிறுத்துவதிலும் பங்குகொள்கிறது. இயற்கையின் சிக்கனத்தைப் பாருங்கள்!

இந்த அடைப்பைத் தாமதப்படுத்தினால் பால் நெடுநேரம் ஓடுமல்லவா? அதற்குத்தான் எத்திபோன் என்னும் மருந்து வந்தது. பட்டையில் பூசினால் அதிலிருந்து எத்திலீன் என்ற வாயு உண்டாகி, குழாய் அடைபடுவதைத் தள்ளிப்போடுகிறது. இதன் பயனை 1968இல் ஆராய்ச்சிக் கழகத்தின் ஏட்டில் எழுதி வெளியிட்டவர்கள் ஆபிரகாம், வைச்சர்லி, பாக்கியநாதன் ஆகிய மூவர். பால்மரத்தின் அறிவியலை எழுதியவர்களில் பாக்கியநாதன் என்றொரு பெயரும் இருப்பதை நம் மாணவர்கள் கவனிக்கவேண்டும். ஆயினும் அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. மருந்தை மிதமிஞ்சிப் பூசி ஓயாமல் வெட்டினால், இழந்த பாலைத் திரும்ப ஊறவைக்க மரத்துக்கு நேரமும் சத்தும் போதாது. பட்டை வறண்டு, கடைசியில் பாலே வராமல் போவதுண்டு.

அதே விதி நம் உடம்பிலும்

மரத்துக்கு உள்ள விதி மனிதனுக்கு இல்லாமல் போகுமா? நம் இரத்தத்தில் மிதக்கும் சிவப்பு அணுக்களுக்குச் சுவர் கிடையாது, சவ்வு மட்டுமே. வெறும் தண்ணீரில் இட்டால் உப்பி வெடிக்கும். கடும் உப்புநீரில் இட்டால் சுருங்கும். ஆகவேதான் ஆஸ்பத்திரியில் நரம்பில் ஏற்றும் நீரில் 100 பங்குக்கு 0.9 பங்கு உப்பு என்று அளந்து சேர்க்கிறார்கள்.

தோட்டங்களின் தொடக்கக் காலத்தில் நம் மக்களைக் கொன்று குவித்தவை மலேரியாவும் வயிற்றுநோய்களும்தாம். வயிற்றுப்போக்கில் மனிதன் சாவது கிருமியால் மட்டுமன்று. உடம்பின் தண்ணீரும் உப்பும் வெளியேறிவிடுவதால் சாகிறான். 1832இல் ஸ்காட்லாந்து மருத்துவர் தாமஸ் லாட்டா வாந்திபேதி நோயாளிகளின் நரம்பில் உப்புநீரை ஏற்றிச் சிலரைப் பிழைக்கவைத்தார். ஆனால் ஊசியும் மருத்துவரும் இல்லாத இடத்தில் என்ன செய்வது? வாயால் குடிக்கும் தண்ணீர் குடலில் நிற்பதில்லையே!

விடை 1960களில் கிடைத்தது. குடலின் உயிரணு உப்பையும் குளுக்கோசையும் சேர்த்தே உள்ளே இழுக்கிறது. இரண்டும் உள்ளே போனால், தண்ணீர் சவ்வூடு பரவலால் பின்னாலேயே போய்விடும். 1971இல் வங்காளதேசப் போரின்போது, மேற்கு வங்காளத்துப் பொங்காவ் அகதி முகாமில் வாந்திபேதி பரவியது. ஏற்றுவதற்கு உப்புநீர்ப் புட்டிகள் தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மகாலானபிஸ் உப்பையும் குளுக்கோசையும் தண்ணீரில் கரைத்துப் பீப்பாய்களில் வைத்து, உறவினர்களே நோயாளிக்குப் புகட்டும்படி செய்தார். அங்கே சுமார் 30 விழுக்காடாக இருந்த சாவு, அந்த நீரைக் குடித்தவர்களிடையே 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. 2022இல் மறைந்த அவருக்கு, இந்திய அரசு மறு ஆண்டில் பத்ம விபூஷண் விருது வழங்கிச் சிறப்பித்தது.

பெற்றோர்களே, இதை மட்டும் மறவாதீர்கள். பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு என்றால், மருந்துக்கடையிலோ கிளினிக்கிலோ கிடைக்கும் உப்புச் சர்க்கரைப் பொட்டலத்தை, அதில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். அது கிடைக்காத நேரத்தில், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில், தேக்கரண்டியால் தலைதட்டி ஆறு கரண்டி சர்க்கரையும் அரைக் கரண்டி உப்பும் கலந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டுங்கள். அளவு முக்கியம். "சக்கரை கூட போட்டா தெம்பு வரும்" என்று எண்ணி அள்ளிப் போடாதீர்கள். சர்க்கரை மிகுந்தால் அது குடலுக்குள் இருந்துகொண்டு உடம்பின் தண்ணீரை வெளியே இழுத்துவிடும். போக்கு இன்னும் அதிகமாகும். புட்டியில் விற்கும் இனிப்புப் பானங்கள் ஆகாது என்பதும் இதனால்தான். உப்பு மிகுந்தாலோ அதைவிட ஆபத்து. குழந்தையின் கண் குழிவிழுந்தாலும், சிறுநீர் போகாவிட்டாலும், துவண்டு கிடந்தாலும், மலத்தில் இரத்தம் கண்டாலும், தாமதியாமல் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். வழியெல்லாம் அந்த நீரைப் புகட்டிக்கொண்டே போகலாம்.

வீட்டுத் தோட்டத்துக்கும் இதே பாடந்தான். உரத்தைக் கை நிறைய அள்ளி மிளகாய்ச் செடியின் அடியில் கொட்டினால், மண்ணில் உப்பு மிகுந்து, வேர் தண்ணீர் குடிப்பதற்குப் பதிலாகத் தன்னிடமுள்ளதையும் இழந்துவிடும். செடி கருகும். கொஞ்சமாகப் போடுங்கள், தள்ளிப் போடுங்கள், தண்ணீர் ஊற்றுங்கள்.

முடிவாக

மாணவர்களே, உங்களுக்கு ஒரு சோதனை. பச்சை உருளைக்கிழங்கில் ஒரே அளவாக இரண்டு துண்டு வெட்டுங்கள். ஒன்றை வெறும் தண்ணீரிலும் மற்றொன்றைக் கடும் உப்புநீரிலும் போடுங்கள். மறுநாள் எடுத்து வளைத்துப் பாருங்கள். விறைத்தது எது, துவண்டது எது, ஏன் என்று ஏட்டில் எழுதி வாருங்கள். 1877இல் பெஃபர் அளந்த விதியை உங்கள் விரலே உணரும்.

பேராக்கின் தோட்டங்கள் பல இன்று செம்பனையாகவும் வீடமைப்பாகவும் மாறிவிட்டன. பெரட்டுக்களம் இருந்த இடத்தில் சாலை ஓடுகிறது. ரப்பர் ஆராய்ச்சிக் கழகமும் 1998 முதல் மலேசிய ரப்பர் வாரியத்தில் சேர்ந்துவிட்டது. இன்று நம் பிள்ளைகளில் பலர் பால் மங்கைக் கண்ணால் கண்டதில்லை. ஆயினும் விடியற்காலை இருட்டில், தலையில் விளக்கோடு மரத்துக்கு மரம் நடந்த அந்தத் தலைமுறை நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. முழங்கால் வலியோடு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது. அவர்களிடம் போய்க் கேளுங்கள்: கோடு எத்தனை சாய்வு, பட்டை எத்தனை கனம் சீவவேண்டும், எந்த மாதத்தில் பால் குறையும், எந்த மரம் நீர்ப்பால் தரும் என்று. அவர்கள் சொல்வதை எழுதி வையுங்கள். புத்தகத்தில் படித்த காரணத்தை அதன் பக்கத்தில் எழுதுங்கள். கையால் அறிந்தவர் ஒருவர், ஏட்டால் அறிந்தவர் ஒருவர். இருவரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசினால், அதுவே நம் சமுதாயத்தின் மெய்யான வரலாறு ஆகும்.

நம் பள்ளி வாழ்க! அதில் பயிலும் நம் செல்வங்கள் ஓங்குக!